டெவன் கிராமத்தில் புதுப்பிக்கப்பட்ட வைக்கோல் கூரை வீடு: வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

குறிஞ்சிமலர்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் சிறு குழந்தைகளோடு, தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து எக்ஸிடர் நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் மருத்துவமனையில் செவிலியர். அவர் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறார். கிரெடிட்டனுக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் வைக்கோல் கூரை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்; வந்ததிலிருந்து வேறு எந்த வீட்டின் மீதும் மனம் செல்லவில்லை.

17ஆம் நூற்றாண்டு வீடு, சட்டப் பாதுகாப்புள்ள பழங்கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 தரத்தில் உள்ளது, மூன்று படுக்கையறைகள், கேட்கும் விலை 5,75,000 பவுண்டு. இரண்டடிக் கனத்தில் மண் சுவர்கள். சன்னல் திண்டில் குழந்தை ஏறி உட்கார்ந்து படிக்கலாம். கூடத்தில் ஆள் உயரத்துக்குப் பழைய கணப்புக் குழி, அதற்குள் புதிதாக ஒரு விறகு ஸ்டவ். அடுக்களையிலிருந்து தோட்டத்துக்கு அகலமான கண்ணாடிக் கதவு திறக்கிறது. உள்ளும் புறமும் வெள்ளை வெளேரென்று பூசியிருக்கிறார்கள். 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, உடனே குடியேறலாம்' என்கிறது விளம்பரம். கூரையின் முகட்டை நான்கு ஆண்டுகளுக்கு முன் மாற்றியதாக ஏஜென்ட் சொன்னார். ஊரில் எரிவாயுக் குழாய் இல்லை. எண்ணெய் பாய்லரும் செப்டிக் டேங்கும்தான்.

எங்கள் அச்சமெல்லாம் கூரையைப் பற்றியதே. அது எத்தனை ஆண்டுகள் தாங்கும், தீப்பிடிக்குமா, காப்பீடு கிடைக்குமா? இத்தகைய வீட்டில் இருப்பவர்களும் துறை தெரிந்தவர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

டெவன்வாசி

வணக்கம் சகோதரி. நான் வடக்கு டெவனில் பல ஆண்டுகளாக இப்படியொரு கூரையின் கீழ் வாழ்கிறேன். கூரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வேய்ந்த கூரைகள் பெரும்பாலும் மூன்று வகையாகும். நார்ஃபோக் சதுப்பு நிலங்களில் வளரும் நீர்நாணல் ஒன்று. இன்று அதில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருகிறது. மற்ற இரண்டும் கோதுமை வைக்கோல். கிழக்கிலும் மத்தியப் பகுதிகளிலும் கதிரடித்த நீள் வைக்கோலை நனைத்துக் கையால் உருவி அடுக்குவார்கள். டெவன் பக்கத்தில், தாள் நசுங்காமல் தானியத்தையும் சருகையும் மட்டும் சீவி எடுக்கும் இயந்திரத்தில் கொடுத்து, அடித்தாள்கள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கும்படி கட்டி வேய்வார்கள். உங்கள் வீடு அநேகமாக இந்த மூன்றாவது வகையாகத்தான் இருக்கும். நீர்நாணல் 50 ஆண்டுகள் வரைகூட நிற்கும். சீவிய கோதுமைத் தாள் 25 முதல் 35 ஆண்டுகள். நீள் வைக்கோல் அதைவிடக் குறைவு. ஆயினும் இவை சராசரிக் கணக்குகளே. மழை மிகுந்த மேற்கில், மரநிழல் விழும் வடக்குச் சரிவில் பாசி பிடித்துச் சீக்கிரம் தேயும். அதே வீட்டின் மறுசரிவு இன்னும் பத்தாண்டு தாங்கும்.

முகடு வேறு கணக்கு. எந்தப் பொருளில் வேய்ந்திருந்தாலும் முகட்டை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனவே நான்கு ஆண்டுகளுக்கு முன் முகடு மாற்றினார்கள் என்பதால் கூரை புதிது என்று ஆகிவிடாது. சரிவு எப்போது வேயப்பட்டது என்பதைத் தனியாகக் கேளுங்கள். தரையில் நின்றபடியே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. வைக்கோலை அழுத்திப் பிடிக்கும் ஹேசல் மரக் குச்சிகள் மேற்பரப்புக்கு வெகு கீழே புதைந்திருக்க வேண்டும். அவை வரிவரியாக வெளியே தெரியத் தொடங்கினால், கூரை தேய்ந்து தேய்ந்து கட்டு வரைக்கும் வந்துவிட்டது என்று பொருள். மறுவேய்ச்சலைத் தள்ளிப்போட இயலாது, அதற்குப் பல பத்தாயிரம் பவுண்டு ஆகும். என்ன விலைக்குக் கேட்பது என்று முடிவு செய்யும் முன், உள்ளூரில் கூரை வேயும் தொழிலாளி ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று காட்டுங்கள். விற்பவருக்கு வேலை செய்தவராக அவர் இருக்கக் கூடாது.

நல்ல செய்தியும் உண்டு. 45 பாகைக்குக் குறையாத சரிவில் மழைநீர் மேற்புறத்து ஓரங்குலத்தை மட்டும் நனைத்துவிட்டு ஓடிவிடும். அதன் அடியிலுள்ள ஓரடிக் கனம் காய்ந்தே கிடக்கும். கோடையில் அந்த மாடியறைகளைப் போலக் குளிர்ச்சியான இடம் வேறு கிடையாது.

காரைவீடு

நான் பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பில் பணியாற்றும் பொறியாளர். டெவன்வாசி ஐயா கூரையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் சகோதரி, கூரை தன் முதுமையை மறைக்காது. உங்களை ஏமாற்றக்கூடியது அந்த வெள்ளைச் சுவர்தான்.

கிரெடிட்டன் வட்டாரத்து மண் செம்மண். அதை வைக்கோலும் நீரும் சேர்த்து மிதித்துப் பதமாக்கி, கல் அடித்தளத்தின் மேல் படைபடையாக ஏற்றிக் கட்டிய சுவரைத்தான் இங்கே காப் என்கிறார்கள். நம் ஊர் மண் சுவர் அறிந்தவருக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. நல்ல தொப்பியும் நல்ல காலணியும் கொடுத்தால் காப் சுவர் என்றைக்கும் நிற்கும் என்று டெவன்காரர்கள் சொல்வார்கள். தொப்பி என்பது கூரை, காலணி என்பது கல் அடித்தளம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிபந்தனை உண்டு: சுவருக்குள் புகும் ஈரம் வெளியேற வழியிருக்க வேண்டும். பழைய கொத்தர்கள் பூசிய சுண்ணாம்புக் காரையும் அதன் மேல் அடித்த சுண்ணாம்பும் அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தன.

கடந்த நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான வீடுகளில் அந்தக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் இறுகியது, மண் சுவரோ பருவத்துக்கு ஏற்ப நெளிந்து கொடுப்பது. ஆகவே மயிரிழை வெடிப்புகள் விழும். மழை அவ்வழியே உள்ளே புகும், ஆனால் வெளியேற முடியாது. நீர் அடியில் தேங்கத் தேங்க மண் தன் வலிமையை இழக்கிறது. வெளியே ஒரு பிளவும் தெரியாமல் இருந்து, ஈரமான குளிர்காலத்தின் முடிவில் ஒரு மூலை அப்படியே உட்கார்ந்துவிட்ட காப் சுவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. எலிகள் சுவருக்குள் வளை தோண்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வேய்ந்த கூரையின் ஓரத்தில் மழைநீரை ஏந்தும் குழாய் பெரும்பாலும் கிடையாது. இறவாரத்திலிருந்து சொட்டும் நீர் நேரே தரையில் விழும். புதுப்பிக்கும்போது வீட்டை ஒட்டிக் கல்தளம் போட்டிருப்பார்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தரைமட்டத்தை உயர்த்தி அடித்தளக் கல்லைப் புதைத்திருந்தால், தெறிக்கும் நீர் முழுவதும் மண்ணில் ஏறும். எனவே அடுத்த முறை செல்லும்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வெளிச்சுவரை விரல் முட்டியால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை எழும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அறையின் உள்ளே, தரையை ஒட்டிய பலகைக்கு மேல் புது வண்ணம் கொப்புளித்திருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓதத்தை மறைக்க உள்ளே ஜிப்சம் பூசிப் பிளாஸ்டிக் வண்ணம் அடித்திருந்தால், அந்தப் புதுப்பிப்பு சுவருக்குக் கெடுதலே செய்திருக்கும்.

மூன்றாம் நிலை எனப்படும் மிக விரிவான கட்டடச் சர்வேயே வேண்டும், அதுவும் காப் சுவரை அறிந்த சர்வேயரிடம். ஈரமானியைச் சுவரில் குத்தி ஒரு எண்ணைப் படித்துச் சொல்பவர் போதாது. அந்தக் கருவி மரத்துக்காக அளவு திருத்தப்பட்டது. 1877இல் வில்லியம் மாரிஸ் முதலானோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. இதைப் பற்றிய அவர்களது குறிப்புகளை வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

நகர்வாசி

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லை. இதே பணத்தில் எக்ஸிடரின் எல்லையில் செங்கல் வீடு வாங்கினால் இந்தக் கவலைகளில் ஒன்றுகூட இராது. சிறு குழந்தைகளும் இரவுப் பணியும் உள்ள குடும்பத்துக்கு ஓய்வு நாளெல்லாம் கொத்தரையும் கூரைக்காரரையும் தேடி அலைவது நியாயமா? அந்த வீட்டின் அழகை நான் மறுக்கவில்லை. அழகுக்காகக் கொடுக்கும் விலையை முழுதாகக் கணக்கிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

சட்டக்குறிப்பு

வீட்டுக் கிரயப் பணிகளைக் கவனிக்கும் சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பொதுவான தகவலாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

'புதுப்பிக்கப்பட்டது' என்ற சொல்லைக் கண்டதும் ஒவ்வொரு வேலைக்கும் அனுமதி இருந்ததா என்று கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளூராட்சியின் இசைவு தேவை. முகப்பை மட்டும் பட்டியலிடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உட்பகுதியும் அதில் அடக்கம். 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே வளாகத்தில் நிற்கும் கொட்டகையும் மதிலும்கூட அடக்கம். இசைவின்றிச் செய்வது குற்றம். செய்தவர் மீதுதான் குற்ற வழக்கு என்றாலும், 'பழையபடி மாற்றிக் கொடு' என்ற நடவடிக்கை அறிவிப்பு இன்றைய உரிமையாளருக்கே வரும். இதற்குக் காலவரம்பு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ இடித்த சுவருக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரலாம்.

நீங்கள் விவரித்ததில் என் கண்ணில் பட்டது அடுக்களையின் அகலமான கண்ணாடிக் கதவு. 17ஆம் நூற்றாண்டு மண் சுவரில் அது முதலிலிருந்தே இருந்திருக்க வழியில்லை. அதற்கான இசைவு ஆணையின் நகலைக் கேளுங்கள். உள்ளூராட்சியின் இணையப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பழங்கட்டடப் பாதுகாப்புக்கான பொது அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வைத்திருக்கும் தேசியப் பட்டியலில் உங்கள் வீட்டுக்கான குறிப்பையும் படியுங்கள். பட்டியலிட்டபோது எந்தச் சுவரில் எந்தத் திறப்பு இருந்தது என்று சில சமயம் அதிலேயே இருக்கும்.

செப்டிக் டேங்கின் கழிவுநீர் நேரே ஓடையில் விழுகிறதா, மண்ணில் ஊறுகிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் ஓடையில் நேரடியாக விடுவதற்கு இடமில்லை. மாற்றியமைக்கும் செலவு சிறியதல்ல.

இன்னொரு கேள்வி. உங்கள் இருவரில் எவர் பெயரிலாவது ஊரில் வீடு இருக்கிறதா?

குறிஞ்சிமலர்

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. நகர்வாசி அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

சட்டக்குறிப்பு ஐயா, திருச்சியில் என் கணவர் பெயரில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. அவருடைய பெற்றோர் அங்கே வசிக்கிறார்கள். வாடகை எதுவும் வருவதில்லை. இந்த நாட்டில் எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. அது எப்படி இங்கே கணக்கில் வரும்?

சட்டக்குறிப்பு

வரும். இங்கே நம்மவர்களில் பலர் கடைசி வாரத்தில்தான் இதை அறிந்து திகைக்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் முத்திரைத் தீர்வையில், 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு, முதல் 1,25,000 பவுண்டுக்கு வரியில்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 விழுக்காடு. அதற்கு மேல் 9,25,000 வரை 5 விழுக்காடு. 5,75,000 பவுண்டு வீட்டுக்கு 2,500ம் 16,250ம் சேர்ந்து 18,750 பவுண்டு ஆகும். முதல் வீடு வாங்குவோருக்கான சலுகை 5,00,000க்கு மேற்பட்ட விலைக்குக் கிடையாது. ஆகவே அது உங்களுக்குப் பயன்படாது.

வாங்கும் நாளின் முடிவில் வாங்குபவருக்கு வேறு வீடு இருந்தால், முழு விலைக்கும் கூடுதலாக 5 விழுக்காடு உண்டு. 'வேறு வீடு' என்பதில் உலகின் எந்த மூலையிலுள்ள வீடும் சேரும்; உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் போதும். சேர்ந்து வாழும் கணவன் மனைவி ஒரே அலகாகக் கருதப்படுவதால், நீங்கள் மட்டும் உங்கள் பெயரில் வாங்கினாலும் அவருடைய திருச்சி வீடு கணக்கில் வரும். கூடுதல் தொகை 28,750 பவுண்டு. ஆக மொத்தம் 47,500. யார் அங்கே குடியிருக்கிறார்கள், வாடகை வருகிறதா என்பதெல்லாம் பொருட்டல்ல.

இங்கே கிரயம் முடியும் முன் திருச்சி வீடு உண்மையாகவே அவர் கையை விட்டுப் போயிருந்தால் இந்தக் கூடுதல் வரி எழாது. பெற்றோருக்கே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் இங்கே வசிப்பவர் இலவசமாகக் கொடுத்தாலும், சந்தை மதிப்பில் விற்றதாகக் கொண்டு மூலதன ஆதாய வரி கணக்கிடப்படலாம். இரு நாட்டு வரியும் தெரிந்த ஆலோசகரிடம் பேசாமல் பத்திரம் எழுத வேண்டாம்.

புகைபோக்கி

காப்பீட்டு நிறுவனங்களுக்காக வேய்கூரை வீடுகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுபவன் நான். தீயைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை.

வெளியிலிருந்து பொறி விழுந்து கூரை எரிவது அரிது. பெரும்பாலான தீ விபத்துகள் புகைபோக்கியைச் சுற்றியே தொடங்குகின்றன. பழைய திறந்த கணப்பில் வெப்பம் பரவலாகக் கலைந்து போகும். ஸ்டவ் பொருத்தியபின் குறுகிய குழாயில் மிகுந்த சூட்டில் புகை ஏறுகிறது. குழாயில் படிந்த கீல் பற்றிக்கொண்டாலோ, தேய்ந்த செங்கல் இணைப்பு வழியே அனல் கசிந்தாலோ, எரியும் துகள் மேலே வந்து முகட்டில் விழுந்தாலோ, வைக்கோல் உள்ளுக்குள்ளேயே கனலத் தொடங்கும். வெளியே புகை தெரியும்போது தீ வெகுதூரம் போயிருக்கும். மழையை வழிந்தோடச் செய்யும் அதே அடுக்கு தீயணைப்பாளர் பீய்ச்சும் நீரையும் வழிந்தோடச் செய்துவிடுகிறது. அதனால்தான் அவர்கள் கூரையைக் கொக்கியால் பிய்த்து இடைவெளி வெட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவி பிறந்த ஷாட்டரி வீடுகூட 1969இல் தீயில் சேதமடைந்து சீராக்கப்பட்டதுதான்.

எனவே அந்த ஸ்டவை யார் பொருத்தினார், ஹெட்டாஸ் (விறகு ஸ்டவ் பொருத்துவோரைப் பதிவு செய்யும் அமைப்பு) சான்றோ கட்டட ஒழுங்குமுறைச் சான்றோ இருக்கிறதா, புகைபோக்கிக்குள் உலோகக் குழாய் முழு நீளத்துக்கும் இறங்கியிருக்கிறதா, அதன் வாய் முகட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேளுங்கள், 1.8 மீட்டர் இருப்பது நல்லது. பலமுறை வேய்ந்த வீடுகளில் கூரை தடித்துத் தடித்துப் புகைபோக்கி குட்டையாகிவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன். ஆண்டுக்கு இருமுறையாவது துடைத்துச் சான்று வாங்கி வைக்க வேண்டும். 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள விறகை எரிக்கவே கூடாது. மின்கம்பிச் சோதனை அறிக்கையும் காப்பீட்டாளர் கேட்பார்.

காப்பீடு கிடைக்கும். ஒப்பீட்டு இணையதளங்களில் தேடாமல், இவ்வகை வீடுகளுக்கென்றே உள்ள தரகர்களிடம் கேளுங்கள். விலை சொல்வதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். காப்பீடு இல்லாமல் வீட்டுக்கடனும் நகராது. பக்கத்து வீட்டோடு கூரை ஒட்டியிருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நகர்வாசி

அனுமதி இல்லாத வேலைக்கு இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும், சில நூறு பவுண்டில் முடிந்துவிடும் என்று என் நண்பர் சொல்கிறார். அது சரியா? சரியென்றால் இவ்வளவு விசாரணை தேவையில்லையே.

சட்டக்குறிப்பு

அந்தக் காப்பீடு உண்டு. சில இடங்களில் அது பொருத்தமானதே. ஆனால் உள்ளூராட்சியிடம் அந்த வேலையைப் பற்றி யாரும் பேசியிருக்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. நாளை நீங்கள் அதே அடுக்களையில் வேறொரு மாற்றத்துக்கு இசைவு கேட்டால் அதிகாரி நேரில் வருவார், கதவைப் பார்ப்பார். பட்டியலிட்ட வீட்டில் அந்தச் சந்திப்பு எப்போதாவது நிகழத்தான் செய்யும். மேலும், தவறாகப் பூசிய சிமெண்ட் சுவருக்குச் செய்த கேட்டை எந்தக் காப்பீடும் சரிசெய்யாது.

குறிஞ்சிமலர்

சர்வே அறிக்கை வந்துவிட்டது; கூரை வேய்பவரும் பார்த்துவிட்டார். நீங்கள் கேட்கச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்திருக்கிறது.

கூரை சீவிய கோதுமைத் தாள்தான். முன்சரிவு இன்னும் பதினைந்து ஆண்டுகள் தாங்கும் என்றும், பின்சரிவை ஐந்தாறு ஆண்டுகளில் வேய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பரணில் அவர் விளக்கடித்துக் காட்டியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைமரங்களும் அவற்றின் மேல் படிந்திருந்த அடிவைக்கோலும் கருமையாக, கரி பூசியது போலப் பளபளத்தன. தொட்டதும் விரலில் கறை ஒட்டிக்கொண்டது. தேசியப் பட்டியல் குறிப்பிலும் 'அநேகமாக 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம், 17ஆம் நூற்றாண்டில் மாற்றியமைக்கப்பட்டது' என்றே இருக்கிறது.

மேற்குச் சுவரில் காரைவீடு ஐயா சொன்னதே நடந்திருக்கிறது. புது வெள்ளைக்கு அடியில் சிமெண்ட். தட்டினால் இடுப்புயரம் வரை அதே வெற்றிட ஓசை. உட்புறம் ஜிப்சம் பூசியிருக்கிறார்கள். மாதிரி எடுத்துச் சோதித்ததில் அடிப்பகுதி மிகவும் ஈரமாக இருக்கிறது. மற்ற மூன்று சுவர்கள் பழைய சுண்ணாம்புக் காரையோடு நலமாக உள்ளன. தோட்டத்துக் கதவுக்கு இசைவு ஆணை எதுவும் இல்லை. பட்டியல் குறிப்பில் அந்த இடத்தில் ஒரு சன்னல் மட்டுமே காணப்படுகிறது. ஸ்டவுக்குச் சான்று இருக்கிறது. டேங்கின் கழிவுநீர் மண்ணில்தான் ஊறுகிறது.

இனி என்ன செய்வது? விலகுவதா, விலையைக் குறைக்கச் சொல்வதா?

டெவன்வாசி

நீங்கள் பார்த்தது கிடைத்தற்கரிய ஒன்று, சகோதரி. இடைக்காலத்தில் இந்த வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தரையில் தீ மூட்டினார்கள்; புகை மேலேறி வைக்கோல் வழியே கசிந்து வெளியேறியது. பிற்காலத்தில் புகைபோக்கி கட்டி மாடி போட்டபின் அந்தக் கரி அப்படியே தங்கிவிட்டது. மேலடுக்கு தேயும்போதெல்லாம் அதன் மேலேயே புதிதாக வேய்ந்ததால், முதன்முதலில் போட்ட அடுக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் காய்ந்து கிடக்கிறது. அன்று வயலில் விளைந்த கோதுமையும் ரை என்ற தானியமும் களைச் செடிகளும் கதிரோடு அதில் கிடைக்கின்றன. தாவரவியலாளர்கள் அவற்றை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இன்றைய குட்டைக் கோதுமை வேய உதவாது என்பதால், 1960களில் வந்த மேரிஸ் விட்ஜன் போன்ற நெடுந்தாள் வகைகளைக் கூரைக்கென்றே பயிரிடுகிறார்கள்.

பின்சரிவை வேயும் காலம் வரும்போது, எவர் வற்புறுத்தினாலும் அந்தக் கரிய அடுக்கைப் பிடுங்க விடாதீர்கள். வௌவால் தங்கியிருக்கிறதா என்றும் அப்போது பார்க்க வேண்டும். அவற்றின் உறைவிடத்தைக் கலைப்பது சட்டப்படி குற்றம்.

காரைவீடு

விலக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு சுவர்தான் கெட்டிருக்கிறது, அதுவும் இடுப்புயரத்துக்கு. நான்கு சுவரும் இப்படியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சிமெண்டை ஒரே நாளில் முழுதாகக் கொத்தி எடுக்கக் கூடாது. ஈரத்தில் இளகிய மண்ணுக்கு இப்போது அந்த ஓடுதான் அணைப்பு. முட்டுக் கொடுத்து, பகுதி பகுதியாகத் திறந்து, மெல்ல உலர விட்டு, கரைந்த இடங்களில் அதே செம்மண்ணால் செய்த காப் கட்டிகளை வைத்து அடைக்க வேண்டும். வீட்டை ஒட்டிய கல்தளத்தைப் பெயர்த்து, நீர் வடியும் சரளைக் கால்வாய் அமைக்க வேண்டும். பிறகுதான் சுண்ணாம்புக் காரை. உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு இறுகாது. எனவே பூச்சு வேலை ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில்தான். இவற்றுக்கும் இசைவு தேவைப்படலாம். உள்ளூராட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காப் தெரிந்த இருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை வைத்தே விலை பேசுங்கள். பின்சரிவின் செலவில் ஒரு பங்கையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

சட்டக்குறிப்பு

கதவைப் பொறுத்தவரை, ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு (இரு தரப்பும் சட்டப்படி கட்டுப்படும் கட்டம்) முன் விற்பவரே இசைவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். செய்து முடித்த வேலையை அப்படியே வைத்துக்கொள்ள இசைவு தரச் சட்டத்தில் இடமுண்டு. கொடுக்கப்பட்ட நாளிலிருந்துதான் அது செல்லும். முடிவுக்கு வழக்கமாக எட்டு வாரம். மறுத்துவிட்டால் பழைய சன்னலை மீட்கும் செலவு அவருடையதாக இருக்கட்டும். அந்த எட்டு வாரம் திருச்சி வீட்டுக்கும் பயன்படும்.

நகர்வாசி

எனக்கு இருந்த ஐயம் பெரிதும் தீர்ந்தது. செலவு இன்னதென்று தெரிந்து வாங்குவதற்கும் தெரியாமல் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் கேட்டேன். இருந்தாலும் ஒரு வேண்டுகோள்: சுவர் வேலை முடியும் வரை குழந்தைகளோடு வாடகை வீட்டிலேயே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

குறிஞ்சிமலர்

அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம், அண்ணா. சுவர் மதிப்பீடுகளைக் காட்டியதும் விற்பவர் முதலில் மறுத்தார். பிறகு ஏஜென்ட் வழியாக 5,48,000க்கு இறங்கி வந்திருக்கிறார். கதவுக்கு அவரே விண்ணப்பித்துவிட்டார். அந்த விலைக்கு அடிப்படை முத்திரைத் தீர்வை 17,400 பவுண்டு என்று கணக்கிட்டோம். கூடுதல் வரியைப் பற்றி ஒரு வரி ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். மாமனாரும் மாமியாரும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. காப் வேலை தெரிந்த கொத்தர்கள் எல்லோரும் அடுத்த கோடை வரை வேலை பிடித்து வைத்திருக்கிறார்கள். சிமெண்டை மட்டும் இந்தக் குளிர்காலத்திலேயே எடுத்துவிட்டால் சுவர் உலரத் தொடங்குமா, அல்லது அதுவும் காத்திருக்க வேண்டுமா?

காரைவீடு

சிமெண்டை எடுப்பதற்கும் இசைவும் கொத்தரும் வேண்டும். எனவே வெளிப்புறத்தைக் கோடை வரை தொடாதீர்கள். திறந்த மண் சுவரில் மேற்கு மழை நேரே அடித்தால் இப்போதிருப்பதைவிட மோசமாகும். வீடு கைக்கு வந்ததும், அலுவலரின் ஒப்புதலோடு, உட்புறத்து ஜிப்சத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு எடுத்துவிடலாம். சன்னல்களைத் திறந்து வைத்து, மிதமான சூட்டில் வீட்டை வைத்திருங்கள். அதிக வெப்பம் கொடுத்து அவசரமாக உலர்த்தினால் மண் வெடிக்கும். கல்தளத்தைப் பெயர்த்துச் சரளைக் கால்வாய் வெட்டுவதைக் குளிர்காலத்திலேயே முடித்துவிட்டால், கொத்தர் வரும்போது சுவரின் அடி ஓரளவு வடிந்திருக்கும். ஆனால் அடித்தளக் கல்லுக்குக் கீழே தோண்டிவிட வேண்டாம். எந்த ஆழம் வரை போகலாம் என்று சர்வேயரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு மண்வெட்டியைப் போடச் சொல்லுங்கள்.